13 மி.மீ. நர்லிங் உள்ள வீல் ஸ்டட் எங்கும் கிடைக்கவில்லை

நானே வீட்டில் கட்டிய இரண்டு இருக்கை கார் மூன்று வாரமாக ஜாக்கி ஸ்டாண்டில் நிற்கிறது. இடது பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் நான்கு ஸ்டட்களில் (நட்டு மாட்டும் மரைக் கம்பிகள்) ஒன்று நட்டை முறுக்கும்போது ஒடிந்துவிட்டது. பக்கத்து ஸ்டட்டில் மரை தேய்ந்திருக்கிறது. இனி மீதி இரண்டையும் நம்ப முடியாது, நான்கையும் மாற்றப் போகிறேன்.

பின் அச்சு ஏதோ பழைய காருடையது. எந்த மாடல் என்று விற்றவருக்கே தெரியவில்லை, வார்ப்பு எண்ணும் துருவில் அழிந்துவிட்டது. வெர்னியரில் அளந்தது இதுதான்: மரை எம்12 (12 மி.மீ. விட்டம்), பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1.5 மி.மீ. ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஸ்டட் துளை 12.7 மி.மீ., பழைய ஸ்டட்டின் நர்லிங் (துளையில் இறுகப் பிடிக்கும் வரிவரியான பகுதி) 13 மி.மீ. விட்டம், தலைக்கு அடியிலிருந்து நீளம் 38 மி.மீ. இப்போது தடிமனான அலாய் சக்கரம் போட்டிருப்பதால் 48 மி.மீ.யாவது வேண்டும். நட்டுக்குள் குறைந்தது 12 மி.மீ. மரை பிடித்தால்தான் நிம்மதி.

ஹோண்டா ஸ்டட் ஒன்று வாங்கிப் பார்த்தேன். மரை சரி, ஆனால் நர்லிங் 12.3, துளையில் சும்மா சுழல்கிறது. டொயோட்டாவுடையது 14.3, உள்ளே போகாது. ரீமர் போட்டுத் துளையைப் பெரிதாக்கலாம்தான், ஆனால் துளைக்கும் ஹப் ஓரத்துக்கும் நடுவே உலோகம் மிகக் குறைவு. தலையில் வெல்டு வைத்துவிடச் சொன்னார் ஒருவர். அதை மட்டும் செய்ய மாட்டேன். சூடேறினால் கடினப்படுத்திய எஃகின் பலம் போய்விடும். சாதாரண போல்ட்டும் வேண்டாம், 10.9 தரம் (எஃகின் வலுவைக் குறிக்கும் எண்) கட்டாயம்.

எம்12×1.5 மரை, 13 மி.மீ. நர்லிங், 48 மி.மீ. அல்லது அதற்கு மேல் நீளம் உள்ள ஸ்டட் எந்தக் காரில் வருகிறது?