அந்தமான் போறோம்: பூஞ்சைக்கும் எடைக்கும் வழி சொல்லுங்க

கிருஷ்ணகிரியிலிருந்து நாலு பேர் ஜனவரியில் பெங்களூரு வழியா அந்தமான் போறோம், பறவைப் படங்களுக்காக. போர்ட் பிளேர் பக்கம் பறவைகள் நிறைய வர்ற சிடியாதாப்பு உறுதி.

முதல் சிக்கல் எடை. கைப்பை 7 கிலோதான். 150-600 மி.மீ. ஜூம் லென்ஸே 2 கிலோ. பேட்டரி, பவர் பேங்க் எல்லாம் கையில்தான் வரணும் (20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி, விமானத்தின் 100 வாட்-மணி வரம்புக்குள்). ட்ரைபாடை லக்கேஜில் போட்டுடுவோம். பீன் பேக் (லென்ஸைத் தாங்க, தானியம் நிரப்பி வைக்கிற பை) காலியாத்தான் வரும். நிரப்ப அரிசி அங்கேயே கிடைக்கும், இங்கிருந்து ராகி சுமக்க வேண்டாம்!

பெரிய கவலை ஈரம். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் வேர்த்துடும். ஜிப் கவரில் மூடியபடியே அரைமணி விட்டால் சரியாகும். ஆனா ஈரத்தால் லென்ஸுக்குள் வளர்ற பூஞ்சை? காற்றுப்புகாத டப்பாவில் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் வைக்கிறோம். அது ரோஸ் நிறமானா சூடாக்கி ஈரத்தை விரட்டணும், லாட்ஜில் அடுப்பு இருக்காது. ஒரு கேமரா பாடி, ரெண்டு லென்ஸுக்கு எவ்வளவு கிராம் போதும்? ஹேர் டிரையரில் காயுமா?

படகில் இன்ஜின் அதிர்வு ட்ரைபாடிலேயே ஏறும், அதனால கையில் பிடித்து 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுப்போம். உப்புத்தண்ணி தெறிக்காம இருக்க மழை உறை போதுமா?

ஓசூர், தருமபுரி பக்கம் 100-400 லென்ஸ் வாடகைக்குக் கிடைக்கும் இடம் தெரிந்தாலும் சொல்லுங்க.