பறக்கும்போது விமான ரேடியோல அடுத்த ஃப்ரீக்வென்சிக்கு மாறினதும் பதிலே இல்லாம போன அனுபவம் யாருக்காவது இருக்கா?

வலதுசீட்டு:
ஐரோப்பா மேல ராத்திரி. கேப்டன் ஓட்டுறார், ரேடியோ என் கையில. அடுத்த செக்டாரோட (அடுத்த கன்ட்ரோலர் பாக்குற வான்பகுதி) ஃப்ரீக்வென்சி நம்பரைக் கன்ட்ரோலர் கொடுத்தாங்க, திருப்பிச் சொன்னேன், ஸ்டாண்ட்பைல (அடுத்த நம்பரைத் தயாரா வெச்சுக்கிற இடம்) போட்டு மாத்தினேன். கூப்பிட்டா பதில் இல்ல. யார் பேச்சும் கேக்கல. கேப்டன் வாயே திறக்கல. ரெண்டாவது ரேடியோல 121.5, அதாவது அவசர சேனலோட வால்யூமை மெதுவா ஏத்தினார், அவ்வளவுதான். 2017-ல ரேடியோ தொடர்பு விட்டுப்போன மும்பை–லண்டன் விமானத்துக்குப் பக்கத்துல ஜெர்மன் போர் விமானம் வந்து நின்ன வீடியோ ரெண்டு பேருமே பாத்திருந்தோம். பழைய நம்பருக்கே திரும்பினேன். "சாரி, ஒரு இலக்கம் மாத்திக் கொடுத்துட்டேன்"னு அந்த கன்ட்ரோலர் அம்மா. கேப்டன் கை வால்யூம்லயே இருந்தது இன்னும் கண்ணுல நிக்குது.

ஏரியாஆள்:
நான் தரையில, கன்ட்ரோலர். அனுப்பிவிட்ட ஃப்ளைட் வரலையேன்னு அடுத்த செக்டார்லேர்ந்து போன். 121.5-ல கூப்பிட்டாலும் சத்தமில்ல. முன்னாடி போன அதே கம்பெனிக்காரர்கிட்ட சொல்லி, அவங்க கம்பெனி சேனல்ல கூப்பிட வெச்சோம். அப்புறம் வந்தார் பாருங்க, சாவகாசமா "குட் ஈவினிங்"னு! எங்களுக்கு வேர்த்து ஊத்திடுச்சு.

செஸ்னாபிரியன்:
@வலதுசீட்டு, உடனே கன்ட்ரோலர் தலையில கட்டாதீங்க. 2009-ல அமெரிக்காவுல நார்த்வெஸ்ட் 188 ஃப்ளைட் ஒரு மணி நேரத்துக்கு மேல யாரோடயும் பேசாம மினியாபொலிஸைத் தாண்டிப் போச்சே, அது பைலட்டுங்க லேப்டாப் பாத்த கதை. எனக்கு நடந்தது சின்னது: பயிற்சியில ஒருத்தன் மைக் பட்டன் சிக்கி, சேனல் முழுக்க அவன் மூச்சுதான். எல்லாருக்கும் சொல்றேன்: நம்பரை முதல்ல பேப்பர்ல எழுதுங்க. மாத்தினதும் கொஞ்சம் காது கொடுங்க, யாராவது பேசிட்டிருந்தா நடுவுல விழாதீங்க. ஸ்டாண்ட்பைல பழைய நம்பர்தான் நிக்கும், புது நம்பர்ல பதில் வந்து உறுதியாகிற வரைக்கும் அதைக் கலைக்காதீங்க. ரொம்ப நேரம் அமைதியா இருந்தா ரேடியோ செக் கேளுங்க. எதுவுமே இல்லன்னா டிரான்ஸ்பாண்டர்ல (ரேடார்க்கு விமானத்தைக் காட்டுற கருவி) 7600 போடுங்க, ரேடியோ போச்சுன்னு அர்த்தம்.

வலதுசீட்டு:
சார், பழைய நம்பருக்குத் திரும்பினேன்னு எழுதியிருக்கேனே. அந்தம்மாவே சாரி சொன்னாங்க, நான் யார் தலையில கட்டினேன்?

கிழக்குக்கரை:
121.5 கேளுங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. அமெரிக்கா பக்கம் போனா அதுல பைலட்டுங்களே பூனை மாதிரி "மியாவ்"னு கத்துறாங்க. எங்க கேப்டன் கடுப்பாகி வால்யூமைச் சுத்தமா இறக்கிட்டார். அடுத்த அரை மணி நேரம் நான் அந்தக் குமிழையேதான் பாத்துட்டிருந்தேன்.