மறு: வெஜிடேட்டிவ் பேரியர் – 'தாவரத் தடுப்பு' சரிதானா?

அன்புள்ள குழுவினருக்கு,

மண் அரிப்பைக் குறைக்கச் சரிவில் நடும் செடி வரிசையை ஆங்கிலத்தில் 'வெஜிடேட்டிவ் பேரியர்' என்கிறார்கள். அதற்கு நம் கையேட்டின் கலைச்சொல் பட்டியலில் உள்ள 'தாவரத் தடுப்பு' எனக்கு உடன்பாடில்லை. சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் நட்ட வெட்டிவேர், தண்ணீரைத் தடுப்பதே இல்லை. ஓடிவரும் நீரைத் தளர்த்திப் பக்கவாட்டில் பரப்புகிறது. மண் மேல்பக்கம் படிந்துவிட, நீர் தூர்களின் இடுக்கு வழியே கீழே இறங்கிவிடும். வண்டல் ஏற ஏற நாளடைவில் அங்கே படி உருவாகும். 'தடுப்பு' என்று படிப்பவர் இடுக்கெல்லாம் மண் போட்டு அடைத்துவிடுவார். அப்புறம் நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து பள்ளம் பறிக்கும்.

'உயிர்வரப்பு' எப்படி?

– தாம்பரத்திலிருந்து

*

ஐயா, வணக்கம்.

'உயிர்' சரி. 'வரப்பு' வேண்டாம். வரப்பு என்றாலே நீர் தேங்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சமமட்ட மண்வரப்பு மழை குறைந்த, நீர் நன்றாக இறங்கும் நிலத்துக்கு ஏற்றது. சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் விடாமல் கொட்டும்போது, களிமண்ணில் நீர் தேங்கி வரப்பு உடையும். மேலே ஒன்று உடைந்தால் கீழே உள்ளவையும் சேர்ந்து போகும். அங்கே 0.2 முதல் 0.4 சதவீதம் வாட்டம் (லேசான சரிவு) விட்ட வரப்பும், அதன் கடைசியில் புல் வளர்த்த வடிகாலும் வேண்டும். மண்வரப்பையும் செடி வரிசையையும் ஒரே சொல்லுக்குள் போட்டால் குழப்பம்தான்.

என் பரிந்துரை 'உயிர்நிரை'. நிரை என்றால் வரிசை. இங்கே உயிர்நாடியே வரிசை அறுபடாமல் இருப்பதுதான். மழை தொடங்கியதும் குத்துக்கு 2, 3 கிளைப்புகளாகப் பிரித்து, 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட வேண்டும். ஒரு குத்து பட்டுப்போனாலும் நீர் முழுக்க அந்த ஓட்டையில் குவிந்து அறுத்துவிடும். ஆகவே அடுத்த மழைக்குள் இடைநடவு கட்டாயம். 30 முதல் 50 செ.மீ. உயரத்தில் வெட்டிவிட்டால்தான் பக்கக் கிளைப்பு வெடித்துத் தூர் நெருங்கும்.

– அடையாற்றிலிருந்து

*

அம்மா,

ஆநிரை நினைவுக்கு வருமோ என்று முதலில் தயங்கினேன். 'நிரை நிரையாக' என்று இன்றும் எழுதுகிறோமே, ஏற்கிறேன். 'வெட்டிவேர் நிரை', 'கொழுக்கட்டைப்புல் நிரை' என்று கிளைச்சொற்களும் இயல்பாக அமைகின்றன. 'உயிர்வேலி'யை மட்டும் இதற்கு மாற்றுச்சொல்லாகப் போட வேண்டாம். ஆடுமாடு நுழையாமல் நடும் கிளுவை வேலி நில எல்லையைப் பார்த்து நடப்படுவது, மட்டத்தைப் பார்த்து அல்ல.

பதிவை இப்படி வைக்கலாம்:

உயிர்நிரை: சரிவுக்குக் குறுக்கே, சமமட்டக் கோட்டில், இடைவிடாமல் நெருக்கி நட்டு, நீரைக் கசியவிட்டு மண்ணை நிறுத்தும் செடி வரிசை. நிரைகளுக்கிடையே உயர வேறுபாடு 1 மீட்டர் என்றால், 3 சதவீதச் சரிவில் அவை ஏறத்தாழ 33 மீட்டர் தள்ளி அமையும். விற்பனைக்காக இதன் வேரைத் தோண்டக் கூடாது. வேருக்கான வெட்டிவேரைத் தனி நிலத்தில் பயிரிடுக.

– தாம்பரத்திலிருந்து