ஜிம் ஃபெல்ப்ஸைத் துரோகி ஆக்கியது நியாயமா? (பழைய உளவுத் தொடர்கள், புதிய படங்கள்)

பழைய_டேப்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 1996 படத்தின் முடிச்சும் 2025 படத்தின் முடிச்சும் இங்கே அவிழும். பார்க்காதவர்கள் கழன்றுகொள்ளலாம்.

'மிஷன்: இம்பாஸிபிள் – த ஃபைனல் ரெக்கனிங்' பார்த்தாயிற்று. டாம் க்ரூஸ் நடிக்கும் உளவாளி ஈதன் ஹன்ட்டைப் பிடிக்க அலையும் பிரிக்ஸ் என்ற அதிகாரி, கடைசியில் பார்த்தால் ஜிம் ஃபெல்ப்ஸின் மகனாம். தியேட்டரில் பக்கத்து சீட்டுப் பையன் "யாருடா அது ஃபெல்ப்ஸ்?" என்று நண்பனிடம் கேட்கிறான். எனக்கோ 29 வருஷத்துக் கோபம் திரும்பி வந்துவிட்டது.

அந்தப் பையனுக்காகச் சொல்கிறேன். இது முதலில் டிவி தொடர். புரூஸ் கெல்லர் உருவாக்கி, அமெரிக்காவின் சிபிஎஸ் சேனலில் 1966 முதல் 1973 வரை 7 சீசன், 171 எபிசோடு ஓடியது. முதல் சீசனில் அந்த ரகசிய உளவுக் குழுவின் தலைவர் டான் பிரிக்ஸ். இரண்டாவதிலிருந்து கடைசிவரை ஜிம் ஃபெல்ப்ஸ், நடித்தவர் பீட்டர் கிரேவ்ஸ். 1988-ல் ஏபிசி சேனல் தொடரைத் தூசு தட்டி மறுபடி எடுத்தபோதும் அவர்தான் தலைவர். அந்த ஆளை 1996-ல் பிரையன் டி பால்மா படத்தில், தன் குழுவையே போட்டுத்தள்ளும் துரோகியாகக் காட்டினார்கள். நடிப்பு ஜான் வொய்ட். பழைய தொடரின் பெயரைச் சொல்லி டிக்கெட் விற்கிறவர்களுக்கு அந்தத் தொடர்மீது கொஞ்சமாவது விசுவாசம் வேண்டாமா?

கடைசி_பெஞ்ச்:
வணக்கம்ணே. விசுவாசமா இருக்கணும்னா பழைய டிவிடியைப் போட்டுப் பார்த்துக்கலாமே, எதுக்குப் புதுசா 80 மில்லியன் டாலர் செலவு பண்ணணும்? அந்தப் படம் 450 மில்லியனுக்கு மேல வசூல். மக்கள் தீர்ப்பு அப்பவே வந்தாச்சு.

வசூலை விடுங்க. லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷன்ல ஃபெல்ப்ஸும் ஈதனும் உக்காந்து பேசுற காட்சியைப் பாருங்க. ஈதனைத் துரத்துற மேலதிகாரி கிட்ரிட்ஜ்தான் எல்லாத்தையும் செஞ்சான்னு ஃபெல்ப்ஸ் கதை விடுறாரு. ஈதன் வாயால "ஆமா, கிட்ரிட்ஜ்தான்"ங்கிறான். ஆனா நமக்குக் காட்டுறது அவன் மனசுல ஓடுறதை. பிராக் நகரத்துல குழு செத்ததுக்குப் பின்னாடி ஃபெல்ப்ஸே இருந்தது அங்க ஓடுது. வாய் ஒண்ணு சொல்லுது, படம் வேற சொல்லுது. டி பால்மாவைத் தவிர வேற யாரும் அப்படி எடுத்திருக்க மாட்டாங்க. அந்த இடத்துல துரோகி பேரு ஏதோ ஒரு ஸ்மித்னு இருந்தா ஒருத்தனுக்கும் உறைக்காது. ஃபெல்ப்ஸா இருக்கறதாலதான் அடி விழுது.

பழைய_டேப்:
அடி விழுந்தது சரி தம்பி. யார் முதுகில் என்பதுதான் பேச்சு. தொடரில் பார்னியாக நடித்த கிரெக் மாரிஸ் படம் முடியும் முன்பே தியேட்டரைவிட்டு எழுந்து போனார். அதே ஆண்டு ஆகஸ்டில் இறந்தும் போனார். ரோலின் ஹேண்டாக நடித்த மார்ட்டின் லேண்டோ, பழைய குழுவை ஒவ்வொருவராகக் கொல்லும் திட்டம் முதலில் இருந்ததாகவும் தனக்கு அதில் உடன்பாடில்லை என்றும் பின்னாளில் பேட்டியில் சொன்னார். கிரேவ்ஸுக்கும் அந்தப் பாத்திரத்தைக் கெடுத்ததில் வருத்தம் உண்டு. தொடரைத் தோளில் சுமந்தவர்களுக்கே பிடிக்கவில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது, துரோகத்துக்குச் சொன்ன காரணம். பனிப்போர் முடிந்துவிட்டது, நாம் செல்லாக்காசு ஆகிவிட்டோம், கையில் மிச்சம் ஒரு உருப்படாத கல்யாணமும் வருஷம் 62 ஆயிரம் டாலர் சம்பளமும்தான் என்று ஃபெல்ப்ஸ் புலம்புவார். தொடரைப் பார்த்தவன் எவனாவது இதை எழுதியிருப்பானா? தொடரில் ஃபெல்ப்ஸுக்கு அலுவலகமே காட்ட மாட்டார்கள். எங்கோ ஒரு மூலையில் உத்தரவு சொல்லும் டேப்பைக் கேட்பார், அது புகைந்து போகும், நேராக வீட்டுக்குப் போய் சோபாவில் உட்கார்ந்து, குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்க போட்டோக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார். அந்தப் போட்டோவில் இருப்பவர்கள் யார்? சின்னமன் மாடல் அழகி, ரோலின் மேடை நடிகர், வில்லி பளுதூக்குபவர், பார்னி சொந்தமாக எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்துபவர். மாதச் சம்பளத்துக்கு வந்தவர்களாகவா தெரிகிறது? மாட்டினால் அரசாங்கம் கைகழுவிவிடும் என்று தெரிந்தே வந்தவர்கள். அந்தக் குழுவின் தலைவர் இன்கிரிமென்ட் கிடைக்காத குமாஸ்தா கணக்காகப் பேசுகிறார்!

கடைசி_பெஞ்ச்:
அண்ணே, அந்த வசனம்தான் எனக்கு அந்தப் படத்துலயே ரொம்பப் பிடிச்சது. 1966-ல எதிரி யாருன்னு எல்லாருக்கும் தெரியும். இரும்புத்திரைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு கற்பனை நாடு, அதுல ஒரு சர்வாதிகாரி, சுவரெல்லாம் அவங்களாவே கண்டுபிடிச்ச ஒரு பாஷையில போர்டு. 1996-ல சோவியத்தே கிடையாது. உளவுக்காரனுக்கு வேலை என்ன? இந்தக் கேள்வியை ஈதன் மாதிரி சின்னப் பையனை வச்சுக் கேட்க முடியாது. 30 வருஷம் அந்த வேலையைப் பார்த்த ஆளுதான் வேணும். அதுக்கு ஃபெல்ப்ஸை விட்டா யாரு?

இன்னொண்ணு. சிஐஏ பெட்டக அறைக் காட்சியை மறந்துட்டுப் பேசாதீங்க. சத்தம் கேட்டா அலாரம், சூடு ஏறினா அலாரம், தரையில கால் பட்டா அலாரம். மேல இருந்து கயித்துல ஈதன் தொங்குறான், கயித்தைப் பிடிச்சிருக்கற ஜான் ரெனோ பக்கத்துல ஒரு எலி வருது. இசையே இல்லை. கண்ணாடியில இருந்து வழியற வேர்வைத் துளியை ஈதன் கையை நீட்டிப் பிடிப்பான் பாருங்க, தியேட்டரே மூச்சு விடாம இருந்துச்சுன்னு எங்க மாமா இன்னமும் சொல்லுவார். அதுதானே உங்க தொடர்? பேச்சே இல்லாம பத்து நிமிஷம் வேலை மட்டும் காட்டுறது?

பழைய_டேப்:
அந்தக் காட்சி அருமை. யார் இல்லை என்றது? 1964-ல் வந்த 'டொப்காப்பி' படத்தில் இஸ்தான்புல் அரண்மனைக் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கித் தரையைத் தொடாமல் கத்தியைத் திருடுவார்கள். கெல்லருக்கு இந்தத் தொடரை எடுக்கும் எண்ணத்தைக் கிளப்பிய படங்களில் அதுவும் ஒன்று. ஆக, டி பால்மா ஊற்றுக்கே போய்த் தண்ணீர் எடுத்திருக்கிறார். அவ்வளவு தெரிந்த மனிதர், கடைசியில் சுரங்கத்துக்குள் ஓடும் ரயிலுக்குப் பின்னால் ஹெலிகாப்டரைக் கட்டி இழுத்ததுதான் புரியவில்லை. தொடரில் துப்பாக்கி வெடிப்பதே அபூர்வம். எதிரியை அவன் ஆட்களே சந்தேகப்பட்டுத் தூக்கிப்போய்விடுவார்கள், அதற்குள் நம்மவர்கள் வேனில் ஏறிக் கிளம்பிவிடுவார்கள். எபிசோடு முடிந்துவிடும்.

குடையும்_தொப்பியும்:
அண்ணை, உங்கட ஆளைத் துரோகியாக்கினதோட விட்டிட்டாங்கள் எண்டு சந்தோசப்படுங்கோ. எங்கட ஆக்களுக்கு நடந்ததைக் கேளுங்கோ.

நான் லண்டன். இஞ்ச அந்தக் காலத்துச் சனத்துக்கு 'த அவெஞ்சர்ஸ்' எண்டால் சூப்பர் ஹீரோக்கள் இல்லை. குடையும் தொப்பியுமா வாற ஜோன் ஸ்டீடும் அவரோட வாற எம்மா பீலும்தான். 1961 இல இருந்து 1969 மட்டும் ஐடிவியில போன தொடர். மார்வெல்காரர் 2012 இல தங்கட படத்தை இஞ்ச 'அவெஞ்சர்ஸ் அசெம்பிள்' எண்டு வேற பேரில விட்டதே இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான்.

1998 இல அதைப் படமா எடுத்தவை. ரேல்ஃப் ஃபைன்ஸ், உமா தர்மன், வில்லனா ஷோன் கானரி. வில்லன் ஒரு கூட்டம் கூட்டுறார். வந்திருக்கிற அவ்வளவு பேரும் தலையில இருந்து கால் மட்டும் கலர் கலரா டெடி கரடி உடுப்பு. அதுக்குள்ள கானரியும் நிக்கிறார், ஜேம்ஸ் பாண்டா நடிச்ச அதே மனிசன்! ஸ்டூடியோவுக்கே நம்பிக்கை இல்லாமல் போய், விமர்சகர்களுக்கு முதலே போட்டுக் காட்டாமல் வெளியிட்டவை. போட்ட காசும் வரேல்லை. உண்மையான ஸ்டீட், பட்ரிக் மக்னி, அவருக்கும் ஒரு வேசம் குடுத்தவங்கள். என்ன வேசம்? கண்ணுக்குத் தெரியாத மனிசன். குரல் மட்டும்தான்!

தொடரில மக்னியும் எம்மா பீலா நடிச்ச டயானா ரிக்கும் ஒருத்தரை ஒருத்தர் சீண்டிக் கதைக்கிறதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம். கதை என்னெண்டே தேவையில்லை. படத்தில அதே மாதிரி வசனம் இருக்கு, ரெண்டு பேரும் பரீட்சைக்கு ஒப்பிக்கிற மாதிரிச் சொல்லுகினம்.

கடைசி_பெஞ்ச்:
அக்கா, நீங்க எனக்குத்தான் பாயின்ட் எடுத்துக் குடுக்குறீங்க. அந்தப் படத்துல குடை இருந்துச்சு, தொப்பி இருந்துச்சு, வசனம்கூட இருந்துச்சு. எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வச்சும் ஓடலை. டி பால்மா எல்லாத்தையும் உடைச்சாரு, ஓடிச்சு. 'வைல்ட் வைல்ட் வெஸ்ட்'டையும் சேர்த்துக்கலாம்.

குடையும்_தொப்பியும்:
அதைச் சேர்க்காதேங்கோ தம்பி, அது உடைச்சுத்தான் நாசமாப் போனது. 1999 படத்தில இராட்சச இரும்புச் சிலந்தியைக் கொண்டுவந்து விட்டவங்கள். மோசமான படத்துக்குக் குடுக்கிற ராஸி விருது அஞ்சு கிடைச்சது. தொடரில கதாநாயகனா நடிச்ச ராபர்ட் கான்ராட் தானே மேடைக்குப் போய் அந்த விருதை வாங்கினவர், படத்தை நக்கலடிக்கிறதுக்கெண்டே. ரசிகர் ஒருத்தரும் அந்தளவுக்குப் பழிவாங்கியிருக்க மாட்டினம்.

சோலோ_ரசிகன்:
எல்லோரும் ஒரு நல்ல படத்தை மறந்துவிட்டீர்கள். 'த மேன் ஃப்ரம் அங்கிள்'. என்பிசியில் 1964 முதல் 1968 வரை வந்த தொடர். அமெரிக்க நெப்போலியன் சோலோவும் ரஷ்ய இல்யா குர்யாக்கினும் ஒரே அமைப்பில் கைகோத்து வேலை செய்வார்கள், அதுவும் பனிப்போர் உச்சத்தில் இருந்தபோது. கை ரிட்சி 2015-ல் எடுத்த படம் கதையை இன்றைக்கு இழுத்துவராமல் 1963-லேயே வைத்தது. பெர்லின், ரோம், அந்தக் கால உடை, கார், எல்லாம் அச்சு அசல்.

படகுத் துரத்தல் காட்சி நினைவிருக்கிறதா? தண்ணீரில் விழுந்த சோலோ கரையேறி ஒரு லாரிக்குள் உட்காருகிறான். சாப்பாட்டுக் கூடை இருக்கிறது. சாண்ட்விச் எடுக்கிறான், ஒயின் ஊற்றிக்கொள்கிறான், ரேடியோவில் இத்தாலியப் பாட்டு. பின்னால் குர்யாக்கின் படகில் சுற்றிச்சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறான். சோலோ நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, பெருமூச்சு விட்டு, காப்பாற்றக் கிளம்புகிறான். அந்த அலட்டாத தினுசுதான் ராபர்ட் வான் நடித்த சோலோ.

ஆனால் படம் போண்டி. 75 மில்லியன் செலவுக்கு உலகம் முழுக்கச் சேர்த்தும் சுமார் 110 மில்லியன்தான். அமெரிக்காவில் மிஷன் வரிசையின் 'ரோக் நேஷன்' வந்து இரண்டே வாரத்தில் வெளியிட்டால் வேறென்ன ஆகும்? கூத்து என்னவென்றால், சோலோவாக நடிக்க முதலில் பேச்சு நடந்தது டாம் க்ரூஸிடம்தான். அவர் மிஷனுக்காக விலகிக்கொண்டார். இப்போது ஓடிடியில் பார்த்துவிட்டு இரண்டாம் பாகம் எங்கே என்று கேட்பவர்கள் அன்றைக்கு தியேட்டருக்கு வரவில்லை.

பழைய_டேப்:
சார், உடை, கார் எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டேவிட் மெக்கல்லம் நடித்த குர்யாக்கின் அமைதியான ஆள். பேச்சு கம்மி, நக்கல் ஜாஸ்தி. அந்தக் கால இளம்பெண்கள் அவருக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் போட்டது அதற்காகத்தான். படத்தில் கோபம் வந்தால் விரல் நடுங்கி மேசையை உடைக்கும் முரடன். சோலோ, ஜெயிலுக்குப் பயந்து சிஐஏவுக்கு வேலை செய்யும் திருடன். தொடரில் தையல்கடை வழியாகப் போகும் ரகசிய வாசல் எங்கே? அமைப்பின் பெயரே கடைசிக் காட்சியில்தான் வருகிறது. முன்கதையிலேயே இரண்டு மணி நேரம் போய்விட்டது.

மட்டுறுத்துநர்:
டாம் க்ரூஸின் உயரம் பற்றிய நான்கு பதிவுகள் நீக்கப்பட்டன. திரியை ஒட்டிப் பேசவும்.

கடைசி_பெஞ்ச்:
அண்ணே, இப்ப உங்களை நேரா ஒண்ணு கேக்குறேன். மிஷன் வரிசையில 'ஃபால்அவுட்' பார்த்தீங்களா, 2018? ஆரம்பத்துல அந்த விஞ்ஞானியை ஆஸ்பத்திரிப் படுக்கையில வச்சிருப்பாங்க. மூணு ஊர்ல அணுகுண்டு வெடிச்சிருச்சுன்னு டிவியில செய்தி ஓடும். அவன் நம்பி ரகசியத்தைக் கக்கினதும் நாலு சுவரும் அப்படியே விழும். ஆஸ்பத்திரியும் இல்லை, குண்டும் வெடிக்கலை, செய்தி வாசிச்சது முகமூடி போட்ட பென்ஜி, ஈதன் குழு ஆளு. இது கெல்லர் தொடர்ல வர்ற நாடகமேதானே? 1996-ல உடைச்சவங்கதான் இதையும் செஞ்சாங்க. உடைக்காம இருந்திருந்தா இந்தப் பேரே 1990-ல ஏபிசி நிறுத்தினதோட செத்திருக்கும்.

பழைய_டேப்:
அந்தச் சுவர் விழுந்தபோது கைதட்டினேன். ஆனால் அதையே என் வாதத்துக்கும் எடுத்துக்கொள்கிறேன். குழுவாகச் சேர்ந்து ஏமாற்றுவதை இத்தனை அழகாக எடுக்கத் தெரிந்தவர்கள், முதல் படத்தில் அந்தக் குழுவை அரை மணி நேரத்தில் தீர்த்துக்கட்டியது எதற்கு? ஒரே ஆள் மிஞ்சவேண்டும், அந்த ஆள், டாம் க்ரூஸ், போஸ்டரில் இருக்கவேண்டும். படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரும் அவர்தான்.

2025-க்கு வருகிறேன். 1996 படத்தின் பெட்டக அறைக் காட்சியில் வாந்தி வந்து தவித்த சிஐஏ ஊழியர் டன்லோ நினைவிருக்கிறதா? அலாஸ்காவுக்குத் தூக்கியடிக்கச் சொன்னார்களே, அந்த அப்பாவி. அவரை அதே நடிகரை வைத்துத் திரும்பக் கூட்டிவந்து, அன்பான மனைவியும் மரியாதையும் கொடுத்து, குழுவிலும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு குமாஸ்தாவுக்கு நியாயம் செய்யத் தெரிந்திருக்கிறது. ஃபெல்ப்ஸுக்கு மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரியும் ஒரு மகன்.

சோலோ_ரசிகன்:
அந்த மகன் கடைசியில் ஈதனுக்குக் கை கொடுக்கிறானே சார்.

பழைய_டேப்:
அப்பா துரோகிதான் என்று ஒப்புக்கொண்டுதானே கொடுக்கிறான்?

கடைசி_பெஞ்ச்:
சரிண்ணே, நான் தொடரை முழுசாப் பார்த்ததில்லை. யூடியூப்ல துண்டு துண்டாத்தான். எதுல ஆரம்பிக்கலாம்? 171 எல்லாம் ஆகாது, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

பழைய_டேப்:
மூன்றாவது சீசன், 'த மைண்ட் ஆஃப் ஸ்டெஃபான் மிக்லோஸ்'. 1969. எதிரி மகா புத்திசாலி, சின்னத் தடயத்தையும் விடமாட்டான். அவன் புத்தியை வைத்தே அவனைத் தப்பான முடிவுக்கு நடத்திக்கொண்டு போவார்கள். யாரும் எதையும் விளக்கமாட்டார்கள். போனைத் தூர வைத்துவிட்டுப் பாரும்.

கடைசி_பெஞ்ச்:
ஞாயித்துக்கிழமை பார்த்துட்டு வந்து சண்டையைத் தொடர்றேன். நீங்க அந்த லிவர்பூல் ஸ்ட்ரீட் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார்த்து வைங்க.