கரை தெரிந்ததா, இல்லையா?

உப்புக்காற்று:
நேற்று இரவு "சயான் தூண்டில்" எழுதிய மீன்பிடிப் பயணக் கதையைப் படிக்காத புண்ணியவான்களுக்குச் சுருக்கம் இது. தனிப்படகு அமர்த்திக்கொண்டு ஞாயிறு அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பினாராம். "கரை என்பதே கண்ணுக்குத் தெரியாத ஆழ்கடலில், மும்பையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு அப்பால்" ஒன்பது கிலோ சீலா ஒன்றைத் தன்னந்தனியாக இழுத்துப் போட்டாராம். மதியம் இரண்டு மணிக்கு வீட்டில் குழம்பாம். மீனும் குழம்பும் இருக்கட்டும். கரை தெரியவில்லை என்ற அந்த ஒரு வரிதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. நான் 28 வருடம் சரக்குக் கப்பலில் இருந்தவன். லோயர் பரேலில் 280 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் வேர்ல்டு ஒன் கட்டடம் 40 கிலோமீட்டரில் எப்படி மறையும்? உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கிப் பாருங்கள், அடிவானத்தின் தூரம் கிலோமீட்டரில் வரும். கட்டடத்துக்கு ஏறக்குறைய 60, படகில் நிற்பவரின் கண்ணுக்கு ஐந்து சொச்சம். ஆக 65 கிலோமீட்டர் வரை அதன் உச்சி தெரிந்தாக வேண்டும். ஒரே ஒரு கேள்வி: கரை தெரிந்ததா, இல்லையா?

சயான் தூண்டில்:
ஐயா, வணக்கம். வர்க்கமூலம் எல்லாம் சரி. நவம்பர் மாதத்து மும்பையின் புகைமூட்டத்துக்கு எத்தனையால் பெருக்க வேண்டும் என்று உங்கள் கணக்கில் இல்லையே? என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து அடுத்த தெருவே சில நாள் தெரிவதில்லை. கரை தெரியவில்லை என்று எழுதினேன். தெரியவில்லை. அவ்வளவுதான்.

வாஷி காசிமேட்டான்:
இருவரும் சண்டையைத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாமா? ஆழ்கடல் என்று எதைச் சொல்கிறோம்? 12 கடல் மைல், அதாவது 22 கிலோமீட்டர் தாண்டினால் ஆழ்கடலா, அல்லது 200 மீட்டர் ஆழம் வந்தாலா? மும்பைக்கு எதிரே கடல்தரை தாம்பாளம்போல் நெடுந்தூரம் சரிவே இல்லாமல் போகிறது. பாம்பே ஹை எண்ணெய் வயல் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கேயே ஆழம் சுமார் 75 மீட்டர்தான். அந்தக் கணக்கில் பார்த்தால், காலையில் போய் மதியம் திரும்பும் எந்தப் படகும் இங்கே ஆழ்கடலைத் தொடவே முடியாது. "கரை" என்பதும் மணலா, கட்டடமா, மலையா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

உப்புக்காற்று:
அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கரை தெரிந்ததா, இல்லையா?

சயான் தூண்டில்:
இல்லை.

உப்புக்காற்று:
அப்படியானால் காலை 10.12-க்கு உங்கள் வாட்ஸ்அப் நிலையில் மீனோடு சிரிக்கும் படம் எப்படி வந்தது? கரை தெரியாத கடலில் அலைபேசிக் கோபுரம் மட்டும் தெரிந்ததோ?

சயான் தூண்டில்:
படத்தை அங்கேயே அனுப்பினேன். கையில் இருந்த அலைபேசி அதை வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியில் சமிக்ஞை கிடைத்ததும் தானாக அனுப்பிவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. அது சரி, என் வாட்ஸ்அப் நிலையை மணி நிமிடத்தோடு குறித்துவைக்கும் அளவுக்கு உங்களுக்கு ஓய்வு இருக்கிறதே, மகிழ்ச்சி.

முத்துநகரான்:
தாராவியிலிருந்து எழுதுகிறேன், பூர்வீகம் தூத்துக்குடி. கரையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. படத்தில் இருப்பது சீலாவே இல்லை, அண்ணாச்சி. அது ஊளி. நீண்ட தாடை, நாய்ப்பல், முதுகில் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இரண்டு துடுப்புகள். சீலா என்றால் அதன் ருசியே வேறு. ஊளியைப் பிடித்துவிட்டுச் சீலா என்று ஊரைக் கூட்டினால் எங்கள் ஊர்ப் பக்கம் சிரிப்பார்கள்.

வாஷி காசிமேட்டான்:
அதுதானே சீலா! நீண்ட தாடை, நாய்ப்பல் இருந்தால் அதன் பெயர் ஷீலா. காசிமேட்டில் போய் யாரையும் கேளுங்கள். நீங்கள் மனத்தில் வைத்திருப்பது வஞ்சிரம்.

முத்துநகரான்:
வஞ்சிரம் என்பது மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர். தூத்துக்குடியில் அதற்குப் பெயர் சீலா. கன்னியாகுமரிப் பக்கம் நெய்மீன். நாங்கள் கடலில் பிடிக்கிறோம், நீங்கள் கடையில் வாங்குகிறீர்கள். பெயர் வைக்கும் உரிமை யாருக்கு?

வாஷி காசிமேட்டான்:
காசிமேட்டில் என்ன, மீன் மரத்திலா காய்க்கிறது? என் தாத்தா கட்டுமரத்தில் போனவர். கடையில் வாங்குகிறேன் என்று எந்த வாயால் சொல்கிறீர்கள்?

சயான் தூண்டில்:
நான் பிடித்தது என்ன என்று எனக்குத் தெரியாதா? படகுக்காரர் "சுர்மை" என்றார். மும்பையில் சுர்மை என்றால் ஒரே மீன்தான், நீங்கள் சொல்லும் வஞ்சிரம். அதைத்தான் சீலா என்று எழுதினேன். என் தாயார் திருச்செந்தூர்க்காரர்.

முத்துநகரான்:
சுர்மை என்றால் இரண்டாவது துடுப்புக்குப் பின்னால் வால் வரைக்கும் மேலேயும் கீழேயும் சின்னச் சின்னத் துடுப்புகள் வரிசையாக இருக்க வேண்டும். உங்கள் படத்தில் அந்த இடத்தில்தான் உங்கள் கை இருக்கிறது. நல்ல இடம் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.

உப்புக்காற்று:
பேச்சை மாற்ற வேண்டாம். மீன் எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும். மீனைக் கேமராவுக்கு நேரே ஒரு முழம் நீட்டிப் பிடித்தால் நெத்திலிகூட ஒன்பது கிலோதான். நான் கேட்டது கரை. கொலாபா முனைக்கு அப்பால் 1875 முதல் நிற்கும் பிராங்ஸ் கலங்கரை விளக்கத்தையாவது பார்த்தீர்களா? பார்த்தீர்கள் என்றால் எத்தனை மணிக்கு? எந்தத் திசையில் மறைந்தது? கடலில் போனவன் இதற்குப் பதில் சொல்வான். எதிர்க்கரை மாண்ட்வா படகுத்துறைக்குப் போய் வடா பாவ் தின்றுவிட்டு வந்தவன் முழிப்பான்.

சயான் தூண்டில்:
5.40-க்குப் பிராங்ஸைத் தாண்டினோம். பிறகு தென்மேற்கு. இரண்டு வெளிப்பொறிகள் பூட்டிய ஃபைபர் படகு, 18 கடல் மைல் வேகம். அதாவது மணிக்கு 33 கிலோமீட்டர். 40 கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம்கூட வேண்டாம். ஏழு மணிக்குத் தூண்டிலை இறக்கினோம். படகை மெல்ல ஓட்டியபடி போலி இரையைப் பின்னால் இழுத்துவந்தோம். தங்கூசியின் நுனியில் எஃகுக் கம்பி கட்டியிருந்தோம், இல்லாவிட்டால் பல்லால் அறுத்துவிடும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. கடலின் ஏற்ற இறக்கம் குறைந்த நாள் பார்த்துத்தான் போனோம். பௌர்ணமி, அமாவாசை ஒட்டிப் போனால், தாணே நகரக் கழிமுகத்தின் சேறெல்லாம் கலங்கி, தண்ணீர் தேநீர்போல் இருக்கும், மீனுக்கு இரை கண்ணில் படாது. எட்டே காலுக்கு ரீல் அலறியது. அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்களுக்கு எழுதிப் புரியவைக்க முடியாது. இருபது நிமிடம் என் தோளைப் பிடுங்கி எடுத்தது. அந்த இருபது நிமிடத்தில் கரை எங்கே, கட்டடம் எங்கே என்று நான் வர்க்கமூலம் போட்டுக்கொண்டிருக்கவில்லை, ஐயா.

உப்புக்காற்று:
ஆக, பார்க்கவே இல்லை. பார்க்காததைத் தெரியவில்லை என்று எழுதினீர்கள். இரண்டும் ஒன்றா?

சயான் தூண்டில்:
பார்த்தேன், தெரியவில்லை.

உப்புக்காற்று:
இப்போதுதான் வர்க்கமூலம் போடவில்லை என்றீர்கள்.

முலுண்டு அத்தை:
படத்தில் ஒருவர் உடம்பிலும் உயிர்காப்புச் சட்டை இல்லையே? கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554-ஐயாவது அலைபேசியில் வைத்துக்கொண்டு போனீர்களா, தம்பி? வீட்டில் சொல்லிவிட்டுப் போனீர்களா?

ஆறாவது ஆள்:
நானும் அந்தப் படகில்தான் இருந்தேன். "தனிப்படகு", "தன்னந்தனியாக" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஆறு பேர். ஆளுக்கு 6,000 ரூபாய் போட்டோம். தூண்டிலில் மீன் மாட்டியதும் முதலில் கம்பைப் பிடித்தவர் படகுக்காரரின் மகன். கொக்கியால் குத்தித் தூக்கியவர் படகுக்காரர். நடுவில் இவர் வாங்கினார் என்பது உண்மை.

உப்புக்காற்று:
ஆஹா! சாட்சி வந்துவிட்டார். சொல்லுங்கள், கரை தெரிந்ததா, இல்லையா?

ஆறாவது ஆள்:
பிராங்ஸ் விளக்கைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்ததெல்லாம் ஒரு நீல வாளிதான். படகு நின்று ஆடத் தொடங்கியதும் குடல் வாய்க்கு வந்துவிட்டது. ஓடும்போதுகூடப் பரவாயில்லை. மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நடுவில் ஒரு முறை தலையைத் தூக்கியபோது கோட்டைச் சுவர் மாதிரி ஏதோ தெரிந்தது. மயக்கமாகவும் இருக்கலாம்.

உப்புக்காற்று:
மயக்கம் இல்லை, தம்பி. அது கண்டேரி! 1679-இல் சிவாஜி மகாராஜா கட்டத் தொடங்கிய கடற்கோட்டை. அலிபாக் பக்கம் தல் கிராமத்துக்கு எதிரே, கரையிலிருந்து சில கிலோமீட்டர்தான். அங்கே நின்றால் தென்னை மரத்தைக்கூட எண்ணலாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். இவர் ஒரு கோட்டையையே மறைத்துவிட்டார்.

சயான் தூண்டில்:
அது திரும்பும் வழியில். கண்டேரி அருகே பாறைகளில் களவா கிடைக்குமா என்று அரை மணி நேரம் நிறுத்தினோம். நான் கரை தெரியாத இடம் என்று எழுதியது மீன் மாட்டிய இடத்தை. வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் சாட்சியத்தை வைத்து வழக்கு நடத்துகிறீர்களே. இத்தனைக்கும் நீங்கள் கப்பலில் இயந்திர அறையில் இருந்தவர். அங்கே சன்னல்கூடக் கிடையாது. 28 வருடத்தில் நீங்கள் கடலைப் பார்த்த நேரத்தைவிட என் மீன் அதிகம் பார்த்திருக்கும்.

உப்புக்காற்று:
இயந்திர அறையில் இருந்தவன் என்பதில் எனக்கு வெட்கம் இல்லை. பணி முடிந்து மேல்தளத்துக்கு வந்து, பாரசீக வளைகுடாவிலும் மலாக்கா நீரிணையிலும் கரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்த கண் இது. போன வருடம் எலிபெண்டா தீவுக்கு நீந்திப் போனேன் என்று எழுதியவர்தானே நீங்கள்?

சயான் தூண்டில்:
நீந்திப் போனேன் என்று எழுதவில்லை. நீந்துகிறவர்களைப் படகிலிருந்து பார்த்தேன் என்று எழுதினேன். அன்றைக்கும் நீங்கள்தான் திரித்தீர்கள். அன்றைக்கும் முப்பது பதில் போட்டீர்கள்.

உப்புக்காற்று:
முப்பத்திரண்டு.

வாஷி காசிமேட்டான்:
ஒரு திருத்தம். தூண்டில்காரர் தன் கதையில் படகுக்காரரைக் "கேப்டன்" என்று எழுதியிருக்கிறார். மும்பையின் கோலி மீனவர்கள் தாண்டேல் என்பார்கள். நம் தோணிகளில் தண்டல் என்போம். ஏறக்குறைய ஒரே சொல். அதை விட்டுவிட்டு ஏன் கேப்டன்?

முத்துநகரான்:
தண்டல் தூத்துக்குடித் தோணிச் சொல். "நம்" என்று யாரைச் சொல்கிறீர்கள்?

வாஷி காசிமேட்டான்:
தமிழர்களைச் சொன்னேன், அண்ணாச்சி. அதையாவது விட்டுக்கொடுங்கள்.

முத்துநகரான்:
சீலாவை நீங்கள் விட்டுக்கொடுத்தால் யோசிக்கிறேன்.

உப்புக்காற்று:
கிழக்குக் கரைச் சண்டையைக் கிழக்குக் கரையில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கேள்வி மேற்குக் கரை தெரிந்ததா, இல்லையா என்பது. மூலப் படத்தை அப்படியே ஏற்றட்டும். அலைபேசியில் இடக்குறிப்பு பதிவாகியிருக்கும். கை மறைக்காத வால் படம் இருந்தால் அதையும் ஏற்றட்டும், முத்துநகரான் நிம்மதியாகத் தூங்குவார்.

சயான் தூண்டில்:
இடக்குறிப்பை எப்போதும் அணைத்துத்தான் வைத்திருப்பேன். பாதுகாப்புக்கு.

உப்புக்காற்று:
கரைக்கும் அணைப்பான் இருந்திருக்கும்.

முலுண்டு அத்தை:
உயிர்காப்புச் சட்டை பற்றிக் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

ஆறாவது ஆள்:
அத்தை, சட்டைகள் இருந்தன. அவற்றின் மேல்தான் நான் படுத்திருந்தேன்.

சயான் தூண்டில்:
ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடற்கரையில் மீன்பிடித் தடை. எஞ்சியிருக்கும் நல்ல மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போய்விட்டு வந்து நாலு வரி எழுதினால் இந்த அடி. இங்கே எழுதுகிறவர்களில் எத்தனை பேர் ஐந்து மணிக்கு எழுந்து உப்புத்தண்ணீரில் நனைந்திருக்கிறீர்கள்? சசூன் டாக் மீன் சந்தையில் கூறு கட்டி வாங்குகிறவர்கள் எனக்கு அடிவானம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

உப்புக்காற்று:
சசூன் டாக்கில் வாங்குகிறவன் சசூன் டாக்கில் வாங்கினேன் என்றுதான் சொல்கிறான். மறுபடியும் கேட்கிறேன். பெரிய எழுத்தில் கேட்க வசதி இருந்தால் பெரிய எழுத்தில் கேட்பேன். கரை தெரிந்ததா, இல்லையா?

சயான் தூண்டில்:
இல்லை. இல்லை. இல்லை.

உப்புக்காற்று:
மூன்று முறை சொன்னால் 120 கிலோமீட்டர் ஆகிவிடாது.

ஆறாவது ஆள்:
கரை கிடக்கட்டும். பனிக்கட்டிப் பெட்டி என்னுடையது. மீனை அதில் வைத்துத்தான் சயானில் இருக்கும் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். இன்னும் திருப்பித் தரவில்லை. குழம்பும் வரவில்லை.

சயான் தூண்டில்:
பெட்டியைப் படகுத்துறையிலேயே உங்கள் காலடியில் வைத்தேன். நீங்கள் நினைவோடு இருந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்.

ஆறாவது ஆள்:
காலடியில் இருந்தது வாளி.

உப்புக்காற்று:
பெட்டி என்ன நிறம்? எத்தனை லிட்டர்? இதையும் சேர்த்தே விசாரிப்போம்.