சிங்கப்பூர் நீரிணையில் ஃபாலரோப்களுடன் ஒரு காலை

ஓர் அக்டோபர் காலையில், கடற்பறவைகளைக் காண்பதற்காக நண்பர்களுடன் படகில் சென்றபோதுதான் செங்கழுத்து ஃபாலரோப் என்னும் சிறு பறவையை முதன்முதலாகக் கண்டேன். இரண்டு நீரோட்டங்கள் சந்திக்கும் இடத்தில் நுரையும் இலைதழையும் நீண்ட கோடாகச் சேர்ந்து மிதந்துகொண்டிருந்தன. அதன் ஓரத்தில் தெரிந்த ஐந்தாறு வெள்ளைப் புள்ளிகளைக் குப்பையென்றே நினைத்தேன். "தம்பி, அவை தலையசைக்கின்றன, தொலைநோக்கியில் பாருங்கள்" என்றார் உடன்வந்த மூத்த நண்பர்.

சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகத்தில் நீர்மட்டம் ஏறும் வேளையில் குளத்தோரம் ஒதுங்கி நிற்கும் உள்ளான் என்னும் கரைப்பறவைகளையே பார்த்துப் பழகிய எனக்கு, அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒரு பறவை கரையே இல்லாத நீர்ப்பரப்பில் நிம்மதியாக மிதந்தது பெருவியப்பாக இருந்தது. ஆர்க்டிக் பகுதியில் கூடு கட்டும் இப்பறவை குளிர்காலத்தைக் கடலிலேயே கழிக்கிறது. விரல்களின் ஓரங்கள் மடல்போல் விரிந்திருப்பதால் அதற்கு நீந்துவது எளிது. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணுக்கே நிறம் மிகுதி, அடைகாப்பதோ ஆண். நாங்கள் கண்டவை அனைத்தும் சாம்பலும் வெள்ளையுமாக, கண்ணுக்குப் பின்னால் கரும்பட்டையுடன், ஆண் பெண் பிரித்தறிய முடியாதபடி இருந்தன.

அவை பம்பரம்போல் சுழன்று கீழிருந்து நீரை மேலே இழுத்து, அதனுடன் வரும் சிற்றுயிர்களை அலகால் கொத்தின. அலகின் நுனியில் பற்றிய நீர்த்துளியை, அலகைத் திறந்து மூடித் திறந்து மூடியே வாய்வரை ஏற்றுகின்றன என்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு விளக்கியது. அலகில் நீர் ஒட்டும் தன்மை மாறினால் இது தடைபடும். ஆகவே 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங் அருகே சுமார் 400 டன் எரியெண்ணெய் கடலில் கலந்தபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயைவிட, நீர்மேல் படர்ந்த மெல்லிய படலமே என்னை அதிகம் கலங்கவைத்தது.

படமெடுப்பதைப் பொறுத்தவரை, முதல் அரைமணி நேரம் பறவைகளைப் படகால் தொடர்ந்தோம். அவை விலகிக்கொண்டே போயின, எனக்குக் கிடைத்தவை முதுகுப்புறங்கள் மட்டுமே. கப்பல் தடத்துக்கு வெளியே இருந்ததால் எஞ்சினை நிறுத்தச் சொன்னார் நண்பர். படகு மெல்ல மிதக்கத் தொடங்கியதும், பத்து மீட்டர் தொலைவுவரை அவை தாமாகவே வந்தன. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, 1/2000 நொடி ஷட்டர் வேகத்தில், படகின் விளிம்போடு தாழக் குனிந்து எடுத்தேன். சுழலும் பறவையின் கண் பாதி நேரம் மறுபக்கம் இருக்கும். அது நின்று நிமிரும் அந்த ஒரு நொடிக்காகக் காத்திருப்பதே சரியென்று அன்று கற்றேன்.

தொலைவில் சென்ற சரக்குக் கப்பலின் அலை வந்து சேர்ந்தபோது எல்லாம் ஒன்றாக எழுந்து, நுரைக்கோட்டின் மறுமுனையில் இறங்கின. நாங்கள் பின்தொடரவில்லை.