மீன்தொட்டிக் கண்ணாடியில் உப்புக்கறையும் கீறலும்: வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் வள்ளியூர் பக்கம். வீட்டில் 3 அடி மீன்தொட்டி இருக்கிறது. கண்ணாடிதான், அக்ரிலிக் இல்லை. ஆற்றுத் தண்ணீர் குடிக்கவே சரியாகிவிடுவதால், தொட்டிக்கு போர் தண்ணீர்தான். அது ஒரே உப்பு. தண்ணீர் ஆவியாகிக் குறையும் இடத்தில் சுண்ணாம்பு படிந்து வெள்ளைப் பட்டையாக நிற்கிறது.

மீன்களை டப்பில் மாற்றி, தொட்டியைக் காலி செய்துவிட்டு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் கண்ணாடியில் ஒட்டிவைத்தேன். அப்புறம் பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினேன். முக்கால்வாசி போய்விட்டது. ஆனால் காய்ந்ததும் ஒரு மங்கல் தெரிகிறது. திரும்பவும் வினிகர் போட்டால் போகுமா, இல்லை கண்ணாடியே அரித்துவிட்டதா?

கீறல்தான் பெரிய கவலை. காந்தத் தேய்ப்பானில் மணல் சிக்கியதைப் பார்க்காமல் பையன் இழுத்துவிட்டான். உள்பக்கம் ஒரு சாண் நீளக் கோடு, நகத்தால் தடவினால் இடறுகிறது. இதற்கு கண்ணாடியை மெருகேற்றும் சீரியம் ஆக்சைடு பொடி பலன் தருமா? டிரில்லில் பஞ்சு மாட்டித் தேய்த்தால் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும் என்று பயமாக இருக்கிறது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். திருநெல்வேலி டவுனிலோ பாளையங்கோட்டையிலோ அந்தப் பொடி எங்கே கிடைக்கும்? மீன்கள் டப்பில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, சீக்கிரம் சொன்னால் உதவியாக இருக்கும்.